உறைந்த ஆறு உருகும்போது

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

ஐஸ் என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூட வாசலில் விற்ற குச்சி ஐசும், மீன் சந்தையில் உடைத்துப் போடும் பாளமும்தான். அதே பாளம் ஓர் ஆற்றைக் கரையோடு கரை மூடிக் கிடக்கும், அதன்மேல் மனிதர்கள் நடப்பார்கள், லாரிகூடப் போகும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். படித்ததோடு சரி. சென்ற மார்ச் மாதம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் சித்தப்பா மகன் கனடா நாட்டில் வின்னிபெக் என்னும் நகரத்தில் ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறார். அவர் தங்கியிருக்கும் அறை ரெட் ஆற்றின் ஒரு கரையில்; வேலை செய்யும் விடுதி மறு கரையில். பாலத்தைச் சுற்றிப் போனால் நாற்பது நிமிடம். உறைந்த ஆற்றைக் குறுக்கே கடந்தால் கால் மணி நேரம். ஜனவரி முதல் அவர் பனிக்கட்டியின் மேல்தான் நடந்து போய் வந்திருக்கிறார். அவர் மட்டுமல்ல, பலரும் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்ததாம். மார்ச் நடுவில் ஒரு நாள் நல்ல வெயில். பல வாரங்களுக்குப் பிறகு கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு உற்சாகமாக ஆற்றில் இறங்கியிருக்கிறார். நாலைந்து அடிதான் வைத்திருப்பார். நாயோடு உலாவ வந்த ஒரு கிழவர் கரையில் நின்று கையை ஆட்டிக் கத்தினாராம். அந்தக் கத்தலின் பொருள் புரியாவிட்டாலும் அதிலிருந்த பயம் புரிந்திருக்கிறது, அண்ணன் திரும்பிவிட்டார். மறுநாள் அந்த ஒற்றையடிப் பாதையின் நடுவில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்ததாம்.

அன்று இரவு தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே? கட்டி ரெண்டு சாண் கனம் இருந்துச்சு. நேத்து வரைக்கும் தாங்குனது இன்னைக்கு ஏன் தாங்காது? ரூமுல இருக்கற பசங்க நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ எழுதி அனுப்பு, படிச்சுக் காட்டறேன்.”

நான் விழித்தேன். உள்ளுறை வெப்பம் பற்றிப் பருவத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனாலும் பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த என் அப்பா ஒரு கேள்வி கேட்டார். அவர் முப்பது வருடமாகக் காவிரியில் பரிசல் போடுகிறவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். “மேல கல்லாட்டம் கெடக்குதுங்கறான். அடியில ஆறு ஓடுதா, நிக்குதா?” என்றார்.

தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது, எங்கள் துறை ஆசிரியர் தந்த புத்தகங்களோடு இரண்டு வாரம் உட்கார்ந்த பிறகே எனக்கு விளங்கிற்று. அண்ணனுக்கு எழுதி அனுப்பியதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

அடியில் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏரி உறைவதற்கும் ஆறு உறைவதற்கும் உள்ள வேறுபாடே அதுதான். நீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது என்பது நாம் அறிந்ததே. ஆகவே ஏரியில் 4 டிகிரி நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று முதலில் உறைகிறது. பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் சுமார் 0.92 பங்குதான், எனவே அது மிதந்து மூடியாகிவிடுகிறது. ஓடும் ஆற்றில் இந்த அடுக்கு நிற்பதில்லை. நீரோட்டம் மேலையும் கீழையும் கலக்கிவிடுவதால் ஆறு முழுவதும் ஏறக்குறைய 0 டிகிரிக்கு வருகிறது. பொடிப்பொடியான பனித் துகள்கள் நீரோடு மிதந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கரையிலிருந்து வளர்ந்து வரும் கட்டியோடு சேர்ந்து மூடியாகின்றன. ஆக, ஆற்றின் மூடி ஒரே சீரான பலகை அன்று. ஒட்டுப் போட்ட துணி.

அந்தத் துணியின் அடியை ஆறு அரித்துக்கொண்டே இருக்கிறது. வளைவில் வேகம் கூடும் பக்கம், பாலத்துத் தூண்களின் அருகு, சாக்கடையோ தொழிற்சாலை நீரோ வந்து விழும் வாய் ஆகிய இடங்களில் கட்டி மெலிந்திருக்கும். பத்தடி தள்ளி ஒரு முழக் கனம் இருக்கலாம். காலடியில் நாலு விரல்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே வெண்பனி விழுந்து மூடியிருந்தால் இன்னும் மோசம். வெண்பனிக்குள் காற்று நிறைந்திருப்பதால் அது கம்பளி போலக் குளிரைக் கீழே விடாமல் தடுக்கிறது. கட்டி வளர்வதும் குறைகிறது. மெலிந்த இடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகிறது.

குளிர் நாடுகளில் கனத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். புதிதாக உறைந்த, கண்ணாடி போலத் தெளிந்த கட்டியானால் ஓர் ஆள் நடக்க 4 அங்குலம் வேண்டும். சிறிய கார் போக 9 அல்லது 10 அங்குலம். வெண்பனி நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டியின் பலம் தெளிந்த கட்டியின் பலத்தில் பாதிதான். ஆகவே அதற்கு இரட்டிப்புக் கனம் வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்கிறவர்களே கூடவே இன்னொன்றையும் சொல்கிறார்கள்: எந்தக் கட்டியையும் முழுதாக நம்பக் கூடாது.

அண்ணன் சொன்ன இரண்டு சாண் ஏறக்குறைய 18 அங்குலம். கணக்குப்படி அதன்மேல் ஒரு காரே போகலாம். பின் ஏன் தாங்கவில்லை?

விடை கனத்தில் இல்லை, கட்டியின் உள்ளே இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியை 0 டிகிரிக்குக் கொண்டுவர 10 கலோரிதான் வேண்டும். அதை நீராக்க 80 கலோரி வேண்டும். ஆகவே வெதுவெதுப்பான நாட்கள் வந்ததும் கட்டி முழுவதும் சீக்கிரமே 0 டிகிரியை எட்டிவிடும். அதற்குப் பிறகு நாட்கணக்கில் உருகாதது போலவே காட்சி தரும். கனம் குறைந்திருக்காது. ஆனால் உள்ளே வேறு வேலை நடக்கிறது. பனிக்கட்டி என்பது செங்குத்தாக நிற்கும் படிகத் தூண்களை நெருக்கி அடுக்கியது போன்ற அமைப்பு. உறையும்போது நீரிலிருந்த உப்பும் அழுக்கும் இந்தத் தூண்களின் இடைவெளிக்கு ஒதுக்கப்படுகின்றன. அழுக்குள்ள இடம் முதலில் இளகும். வெயிலும் தெளிந்த கட்டியின் உள்ளே புகுந்து அந்த இடைவெளிகளையே தாக்குகிறது. சுவரில் செங்கல் அப்படியே இருக்க, நடுவிலிருந்த சாந்து மட்டும் கரைந்து போனது போல ஆகிவிடுகிறது. தூண்கள் ஒன்றையொன்று பிடித்துக் கொள்ளாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் இதை மெழுகுவத்திப் பனிக்கட்டி என்கிறார்கள். ஒரு கட்டு மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தது போல இருப்பதால் இந்தப் பெயர். ஒன்றரை அடிக் கனமிருந்தாலும் காலை வைத்ததும் பொலபொலவென்று உதிரும்.

இதுதான் நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு. அளவுகோல் நேற்றைய கனத்தையே காட்டும். நிறம் மட்டும் சற்றுக் காட்டிக் கொடுக்கும்: நீலமும் தெளிவும் போய்ச் சாம்பல் படர்ந்தால், கட்டிக்குள் நீர் ஊறிவிட்டது என்று பொருள்.

உடையும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. அலாஸ்காவில் நெனானா என்ற சிற்றூரில், 1917-ஆம் ஆண்டு முதல், டனானா ஆற்றின் பனிக்கட்டி எந்த நாளில் எந்த நிமிடத்தில் நகரும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். இதைத் தொடங்கி வைத்தவர்கள் அங்கே ரயில் பாதை போட வந்த பொறியாளர்கள். கட்டியின்மேல் மரச் சட்டம் ஒன்றை நட்டு, அதிலிருந்து கரையிலுள்ள கடிகாரத்துக்குக் கம்பி இழுத்திருப்பார்கள். சட்டம் நகர்ந்தால் கடிகாரம் நிற்கும். 2013-இல் மே 20 அன்று நின்றது. 2019-இல் ஏப்ரல் 14 அன்றே நின்றுவிட்டது. நூறாண்டுக்கு மேல் ஓர் ஊரே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆற்றிலேயே ஒரு மாதத்துக்கு மேல் முன்பின் ஆகிறது என்றால், போன வருடம் போய்ச் சேர்ந்தவர் என்ன கண்டார்!

சரி, உடைந்து உள்ளே விழுந்துவிட்டால்? இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் அண்ணன் இருக்கும் அதே நகரத்தில் இருக்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் என்னும் பேராசிரியர், தம் உடம்பையே பல முறை உறைநீரில் ஆழ்த்திச் சோதனை செய்தவர். அவர் கூறும் கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இராது. குளிர் தாக்கியதும் வாய் தானே திறந்து காற்றை இழுக்கும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். ஆகவே முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியது தலையை மேலே வைத்து மூச்சைச் சீர்ப்படுத்துவது மட்டுமே. அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொன்னதைக் கேட்கும். வெளியேற அதுதான் நேரம். அதன்பின் விரல்கள் மடங்கா. ஆனால் உடம்பின் உட்சூடு குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இதை நான் அண்ணனுக்கு இரண்டு முறை எழுதினேன். ஏனென்றால், விழுந்தவுடன் செத்துவிடுவோம் என்று நினைத்துப் பதறுகிறவர்தான் முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுகிறார்.

கனத்த கோட்டைக் கழற்ற வேண்டியதில்லை. துணியில் ஊறிய நீர் நீருக்குள் எடை காட்டாது; மாறாக, துணிக்குள் அடைபட்ட காற்று சிறிது நேரம் மிதக்கவும் உதவும். எந்தத் திசையிலிருந்து வந்தோமோ அந்தத் திசைக்கே திரும்ப வேண்டும். நம்மை அதுவரை தாங்கிய கட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முன்னால் இருப்பது எப்படியோ தெரியாது. இரு கைகளையும் கட்டியின்மேல் நீட்டி, காலை நீச்சலடிப்பது போல உதைத்து, உடம்பைக் கிடைமட்டமாக்கி வயிற்றால் ஊர்ந்து மேலேற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் எடை முழுவதும் இரண்டு பாதங்களின் அடியில் குவியும். படுத்தால் அது பரவும். உருண்டு உருண்டே கரைக்கு வர வேண்டும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்ததற்கு இப்படியும் ஒரு பயன்.

வழவழப்பான கட்டியில் கை வழுக்கும். அதற்காகக் கூர்முனை வைத்த இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக் கொள்கிறார்கள்; குத்தி இழுத்து மேலேறலாம். கரையில் நிற்பவர் உதவிக்கு ஓடிப் போகக் கூடாது. போனால் விழுந்தவர் ஒருவர் என்பது இருவராகும். கயிறு, ஏணி, மரக்கிளை என எது கிடைக்கிறதோ அதை எறியலாம் அல்லது நீட்டலாம். நாய் விழுந்தால்கூடப் பின்னால் போகாதே என்று அங்கே திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். வளர்த்த பாசத்தில் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. அந்தக் கிழவர் நாயைச் சங்கிலியில் பிடித்திருந்ததன் காரணம் அதுவாகவும் இருக்கலாம். மேலே வந்தவரின் ஈரத் துணியை மாற்றிப் படுக்க வைத்து, முதலில் மார்புப் பகுதியைச் சூடாக்க வேண்டும். கைகாலைத் தேய்க்கக் கூடாது, மது கொடுக்கவும் கூடாது.

இது நடக்கிறவருக்கு வரும் ஆபத்து. அதே வெதுவெதுப்பு கரையில் வீட்டுக்குள் இருப்பவரையும் தேடி வரும், அதுதான் வெள்ளம்.

குளிர்காலத்து வெள்ளத்தைப் பற்றிப் படித்தபோது என் நினைப்பு ஒன்று பொய்த்தது. பனியின்மேல் மழை பெய்தால் மழையின் சூட்டில் பனி உருகிவிடும் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 டிகிரியில் விழும் ஒரு கிராம் மழைநீர் 0 டிகிரிக்குக் குளிரும்போது தருவது 10 கலோரி. ஒரு கிராம் பனியை உருக்க 80 வேண்டும். ஆக, எட்டில் ஒரு பங்கு கிராம்தான் உருகும். மழை அதிகம் உருக்குவதில்லை. உருக்குவது ஈரக் காற்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனியின்மேல் பட்டு நீராகும்போது கிராமுக்கு ஏறக்குறைய 600 கலோரியை விட்டுவிடுகிறது. அது ஏழு கிராமுக்கு மேல் பனியை உருக்கும். ஆகவே அஞ்ச வேண்டியது வெறும் வெயிலைவிட, குளிர்காலத்தின் நடுவே புழுக்கமாக வீசும் காற்றை. அதுவும் இரவெல்லாம் வீசினால் பனி இரவெல்லாம் உருகும். அடியில் நிலமோ உறைந்து கல்லாகியிருக்கிறது. ஒரு சொட்டையும் உறிஞ்சாது. மழையும் உருகிய பனியும் சேர்ந்து ஆற்றுக்கே ஓடும.

1996 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இது அப்படியே நடந்தது. அந்த மாதம் 6 முதல் 8 வரை கடும் பனிப்புயல். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 19-ஆம் தேதி தெற்கிலிருந்து வெப்பமான ஈரக் காற்றும் மழையும் வந்தன. தேங்கிக் கிடந்த பனி ஒரு நாளைக்குள் ஆற்றில் இறங்கிற்று. பனிப்புயலைத் தொடர்ந்த அந்த வெள்ளத்தில் மட்டும் 33 பேர் இறந்தனர். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் நகரில் சஸ்குவஹானா ஆற்றின்மேல் 1890-இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று உண்டு. ஜனவரி 20 அன்று வெள்ளமும் பனிக்கட்டியும் அதன் மூன்று கண்களைத் தூணிலிருந்து பெயர்த்து எடுத்துக் கொண்டு போயின. நூறாண்டு நின்ற பாலம்! ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் எடை 900 கிலோவுக்கு மேல் என்பதை நினைத்துக் கொண்டால் வியப்பு அடங்கும்.

ஆறு உயரும்போது மூடியும் மிதந்து உயர்கிறது. கரையோடு ஒட்டிய இடம் பிளந்து, பாளம் பாளமாக நகர்கிறது. ஒரு வளைவிலோ, பாலத்திலோ, இன்னும் உடையாத கட்டியிலோ போய் முட்டினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அணை கட்டிவிடுகிறது. இந்த அணைக்கு மதகு கிடையாது. மேட்டுப் பக்கம் நீர் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். வெர்மான்ட் மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரில் 1992 மார்ச் 11 காலை வினூஸ்கி ஆற்றில் ஒரு பாலத்தருகே இப்படி அடைத்துக் கொண்டது. ஒரு மணி நேரத்துக்குள் கடைத்தெரு வெள்ளக்காடாகிவிட்டது. எங்கள் ஊரில் அணை திறந்தால் முன்னதாகத் தண்டோரா உண்டு. நீர் நிறம் மாறினால் அப்பா பரிசலைக் கரையேற்றிவிடுவார். பனிக்கட்டி அடைப்புக்கு அப்படி ஓர் அடையாளமும் இல்லை. வெள்ளம் மேலிருந்து வருவதில்லை, கீழே அடைபட்டுத் திரும்பி ஏறுகிறது. இதைச் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை.

அண்ணன் ஊர் ஆற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. ரெட் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. தெற்கில் வெப்பம் முதலில் வரும். அங்கே உருகிய நீர் வடக்கே வரும்போது இங்கே ஆறு இன்னும் உறைந்தே இருக்கும். அதனால்தான் வின்னிபெக்குக்கு வடக்கே ஒவ்வோர் ஆண்டும் குளிர்கால இறுதியில் இயந்திரங்களைக் கொண்டு கட்டியை அறுத்தும் உடைத்தும் வைக்கிறார்கள்.

ஆகவே வெதுவெதுப்பு வந்த நாட்களில் ஆற்றங்கரையில் குடியிருப்பவர் வானிலை அறிவிப்பைக் கேட்க வேண்டும்; நீர் ஏறத் தொடங்கினால் சாமான்களைப் பாராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். பாளங்கள் மோதுவதை வேடிக்கை பார்க்கப் பாலத்தில் நிற்பது பெரும் பிழை. அடைப்புக்குக் கீழே இருப்பவரும் தப்பிவிட்டோம் என்று எண்ணக் கூடாது. அது உடையும்போது தேங்கிய நீர் அத்தனையும் பாளங்களோடு ஒரேயடியாக அங்கேதான் வரும். ஓடும் நீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஒவ்வோர் அடி நீரும் காரின் எடையில் ஏறக்குறைய 700 கிலோவைத் தாங்கிக் கொள்கிறது. இரண்டடியில் பெரும்பாலான வண்டிகள் மிதந்துவிடும். மிதக்கும் வண்டிக்குப் பிரேக்கு ஏது?

கடைசியாக, வீட்டின் நிலவறை. அங்கே பல வீடுகளுக்குத் தரைக்கு அடியில் ஓர் அறை உண்டு. அண்ணனும் நண்பர்களும் தங்கியிருப்பதே அப்படிப்பட்ட அறையில்தான் என்று அப்போதுதான் சொன்னார். அதில் நீர் புகுந்தால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று உறுதியாகும் வரை காலை வைக்கக் கூடாது. வெள்ளம் வடிந்ததும் உள்ளே நிற்கும் நீரை அவசரப்பட்டு முழுவதும் இறைக்கவும் கூடாது. வெளியே மண் நீரில் ஊறிச் சுவரை அழுத்திக் கொண்டிருக்கும். உள்ளேயுள்ள நீர்தான் அந்த அழுத்தத்துக்கு எதிர் முட்டு. முட்டை எடுத்துவிட்டால் சுவர் உள்ளே சாயும். ஆகவே நாளுக்கு மூன்றில் ஒரு பங்காக இறைக்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். அறையில் நால்வருக்கும் படித்துக் காட்டினாராம். ஒருவர் மட்டும், “ஊர்ல இருந்துக்கிட்டு இவனுக்கு என்ன தெரியும்?” என்று சிரித்திருக்கிறார். அந்த வாரக் கடைசியில் அவரே போய்க் கழுத்தில் மாட்டும் கூர்முனைகளில் ஐந்து ஜோடி வாங்கி வந்தார் என்று அண்ணன் சொன்னார். அடுத்த குளிர்காலத்துக்கு அவை ஆணியில் தொங்குகின்றன. அண்ணன் அன்றிலிருந்து பாலத்தின் வழியாகவே போகிறார், நாற்பது நிமிடம்.